பெயரைச் சொல்லாமல் ஒரு நோயாளியின் கதையை மருத்துவர் பொதுவில் சொன்னால் அது தவறா?

"பேர்தான் சொல்லலையே, அப்புறம் என்ன என்று கேட்கிறார் என் டாக்டர்" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் நோயின் கதை ஏதோ ஒரு மேடையிலோ பதிவிலோ வந்துவிட்டது, நீங்கள் அடையாளம் கண்டுகொண்டீர்கள், போய்க் கேட்டீர்கள், இந்தப் பதில் வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள். பொதுவான சந்தேகமாக இருந்தால்கூட எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தப் பதிலை அதே வார்த்தைகளில் ஒரு நோயாளியிடம் சொன்னவன் நான்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். 27 வருடமாகப் பார்க்கிறேன்.

"இங்கே மட்டும் அந்த நோயாளியின் கதையைச் சொல்லலாமா?" என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். இதை எழுதி முடித்ததும் அவருக்கு அனுப்பினேன். இரண்டு வாக்கியங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். தொழிலை மாற்றி எழுதட்டுமா என்று நான்தான் கேட்டேன். "வேண்டாம் டாக்டர், டீச்சர்ங்கிறதாலதானே இவ்வளவும்" என்றார். அவர் சம்மதித்த வடிவம்தான் இது.

நாற்பதுகளில் இருக்கும் பெண். பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர். ஆறு வாரமாகக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வருகிறது. என்னிடம் வருவதற்கு முன்பே மாத்திரை, ஆவி பிடிப்பது, பேசாமல் இருப்பது எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஸ்கோப் போட்டுப் பார்த்தேன். குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. கட்டி இல்லை, வீக்கம் இல்லை, வாதமும் இல்லை. ஆனால் "ஈ" என்று சொல்லச் சொன்னால் இரண்டும் பக்கத்தில் வருகின்றன, சேர மாட்டேன் என்கின்றன.

"ஒரு தடவை இருமுங்கம்மா" என்றேன். இருமினார். அந்த இருமலில் குரல் கணீரென்று இருந்தது.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது என்ன என்று உடனே தெரிந்துவிடும். பேசும்போது சேராத நாண்கள் இருமும்போது சேர்கின்றன என்றால் நரம்பும் தசையும் நன்றாகத்தான் இருக்கின்றன. மனதில் ஏறிய ஏதோ ஒன்று தொண்டையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் இதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்தார்கள். நடிக்கிறார்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நடிப்பு இல்லை. அந்த அம்மா பேச முயன்று முயன்று கழுத்து நரம்பெல்லாம் புடைத்து உட்கார்ந்திருந்ததை நான் நேரில் பார்த்தேன்.

இருமலைக் கொஞ்சம் நீட்டச் சொன்னேன். இருமலின் வாலில் "ம்ம்" என்று இழுக்கச் சொன்னேன். "ம்ம்" நின்றதும் அதை "மா" ஆக்கினோம். "மா"விலிருந்து "மாலை", "மாதம்" என்று போனோம். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்துக்கு வந்தபோது முழுக் குரல் வந்துவிட்டது. தன் குரலைத் தானே கேட்டதும் நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு பேசினார். ஆறு வாரத்துக்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னார். அது இங்கே வராது.

தொடக்கத்தில் ஒரு தடவை, குரல் வந்த பிறகு ஒரு தடவை என என் போனில் குரலைப் பதிவு செய்திருந்தேன். "ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்மா" என்று சொல்லித்தான் செய்தேன். தலையாட்டினார். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு எண்ணமும் இல்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு பயிற்சிக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இளம் மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களுமாக நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். "ஒரு ஆசிரியை" என்று ஆரம்பித்தேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, படம் இல்லை. முதல் பதிவைப் போட்டேன், வெறும் காற்று. இரண்டாவதைப் போட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். கூட்டம் அப்படியே அமைதியாகி, பிறகு கை தட்டியது. அன்று எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. மாத்திரை இல்லாமல், கத்தி இல்லாமல் ஒரு மனுஷிக்குக் குரல் திரும்பியதை அத்தனை பிள்ளைகளும் காதால் கேட்டார்கள். இனி அவர்கள் யாரும் அப்படி ஒரு நோயாளியைப் பார்த்து நடிப்பு என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு இளம் மருத்துவர் இருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அந்த டீச்சரிடம் படித்தவர். அன்று ராத்திரியே போன் செய்திருக்கிறார், அன்பாகத்தான். "மிஸ், இப்போ எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாம் சரியாயிடுச்சா?"

ஒரு டீச்சரின் குரல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குரலையே தொழிலாகப் பார்க்கிற எனக்கு!

அடுத்த வாரம் வந்தார். டோக்கன் போட்டு, மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்திருந்து, முறை வந்ததும்தான் உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை. "என் ஃபைலோட காப்பி வேணும் டாக்டர். அப்புறம் ஒரு கேள்வி கேட்கணும்" என்றார்.

நான் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில், பெயர் சொல்லவில்லை என்றேன். அடுத்து, இது படிப்புக்காக, நாலு நோயாளிக்கு உதவும் என்றேன். மூன்றாவதாக, முதல் நாள் கையெழுத்துப் போட்ட பாரத்தில் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது என்றேன். நிஜமாகவே இருந்தது, இரண்டாம் பக்கத்தில், அடியில். நாலாவதாக, நீங்கள் குணமானதைத்தானே சொன்னேன், கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தப் பாரத்துல கையெழுத்து வாங்கினப்போ எனக்கு வாயைத் திறந்து கேள்வி கேட்கக் குரல் இருந்துச்சா டாக்டர்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் வந்தது.

ஃபைலை அங்கேயே பிரித்துப் படித்தார். என் குறிப்பில் 'மன அழுத்தம் இருப்பதை மறுக்கிறார்' என்று இருந்தது. நாங்கள் மாணவர் காலத்திலிருந்து எழுதிப் பழகிய வழக்கம் அது. கேட்டதற்கு இல்லை என்றார் என்பதுதான் அர்த்தம். அவர் அந்த வரியில் விரலை வைத்து, "நான் எதை மறுத்தேன்? எனக்குக் குரலே இல்லை, நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டினேன்" என்றார். குற்றவாளிகள்தான் மறுப்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே அப்படித் தோன்றியது.

ஒரு வாரம் எனக்கு அந்தக் கோபம் இருந்தது. கேட்டதற்காகக்கூட இல்லை. என் எதிரில் உட்கார்ந்து என் ஃபைலை ஒரு நோயாளி திருத்துகிறாரே என்றுதான். 'என் ஃபைல்' என்றுதான் மனதுக்குள் அப்போதும் சொல்லிக்கொண்டேன். கூட வேலை செய்பவர்களிடம் எல்லாம் புலம்பினேன். எல்லாரும் என் பக்கம்தான் பேசினார்கள். ஒருவர்கூட, அந்த அம்மாவிடம் கேட்டாயா என்று என்னைக் கேட்கவில்லை.

நான் சரி என்று நிரூபிக்கத்தான் விதிகளைத் தேட ஆரம்பித்தேன். அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு நோயாளியின் விவரத்தை அடையாளமற்றது என்று சொல்ல வேண்டுமானால் எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று 18 வகைகளைச் சொல்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண், முழு முகப்படம் என்று போகும் வரிசையில் விரல் ரேகைக்குப் பக்கத்திலேயே குரல் அடையாளமும் இருக்கிறது. அந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் அதை எழுதியவர்களுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே.

பழைய மருத்துவப் புத்தகங்களில் நோயாளியின் கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதைப் பார்த்துத்தான் படித்தோம். அது போதாது என்று மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழுவே பிறகு விதியில் எழுதிவிட்டது. 1997இல் அமெரிக்காவில் லடானியா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி, பெயர்களை நீக்கி வெளியிட்ட அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்தார். வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் எண் மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவு எது என்று கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு பெரிய குவியலிலேயே அது முடியும் என்றால், ஒரு டீச்சரைக் கண்டுபிடிக்க அவரிடம் படித்த ஒரே ஒரு பிள்ளை போதும்.

தேடத் தேட இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரடீஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழி, நோயாளி பற்றிக் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாதே என்கிறது. அதே பெயரில் வரும் வேறொரு பழைய நூல், சிகிச்சையின்போது பெரும்பாலானவற்றை நோயாளியிடமே மறைத்துவிடு என்று மருத்துவனுக்குச் சொல்லித்தருகிறது. ஊருக்கும் சொல்லாதே, அவனுக்கும் சொல்லாதே. அப்படியானால் ரகசியம் யாருடையது? நம்முடையது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847இல் எழுதிய நெறிமுறையில், மருத்துவர் சொன்னதற்கு நோயாளி உடனே, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்றே இருந்தது. 1961இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே மாதிரி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். 18 வருடத்தில் ஒரு தொழிலே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. முதல் கணக்கில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் ஆசிரியர்களும் அந்த மாதிரி மனிதர்கள்தான். நல்லது செய்கிறோம் என்று முழுமனதாக நம்பினார்கள். நானும் அந்த மேடையில் அப்படித்தான் நம்பினேன்.

இந்த இடத்தில் என் தொழிலுக்காகவும் பேசியாக வேண்டும். கதையே சொல்லக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அதை ஏற்க மாட்டேன். இருமச் சொல்லிப் பார்க்கும் அந்தப் பரிசோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தது புத்தகம் இல்லை. என் ஆசிரியர் ஒரு நோயாளியை நடுவில் உட்கார வைத்து, நாங்கள் பன்னிரண்டு பேர் சுற்றி நிற்க, "இப்போ இருமச் சொல்லு" என்றார். அந்தப் பெரியவரை யாரும் அனுமதி கேட்கவில்லை. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவருக்குப் பிறகு என் கையில் குரல் திரும்பிய அத்தனை பேரும் கடன்பட்டிருக்கிறார்கள். மருத்துவம் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளிக்குத்தான் போகிறது. கேட்டிருந்தால் அந்தப் பெரியவர் சரி என்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கத் தோன்றாத இடத்தில் நாங்கள் நின்றிருந்தோம்.

மருத்துவரை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. 1982இல் மார்க் சீக்லர் என்ற மருத்துவர், தன் நோயாளி ஒருவர் கேட்டதற்காக, மருத்துவமனையில் அவருடைய ஃபைலை யாரெல்லாம் பார்க்க முடியும் என்று எண்ணிப் பார்த்தார். குறைந்தது 25 பேர், 100 பேர்வரைகூடப் போகலாம் என்று வந்தது. எல்லாருக்கும் பார்ப்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. காகித ஃபைல் காலத்துக் கணக்கு அது. இப்போது ஒரு பட்டனை அழுத்தினால் பில் போடுகிறவர், காப்பீட்டு நிறுவனம், அந்த நிறுவனத்துக்காகச் சரிபார்க்கிற இன்னொரு நிறுவனம் என்று போகிறது. "முழு ரெக்கார்டும் அனுப்புங்க, இல்லைன்னா க்ளெய்ம் நிற்கும்" என்று எனக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது வருகிறது. காது அறுவைக்கு எதற்கு மனநல மருந்துப் பட்டியல்? கேட்டால் பதில் வராது. அனுப்பாவிட்டால் பாதிக்கப்படுவது நோயாளி. அனுப்பிவிடுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. இணையத்தில் என் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் போட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். நேரம் குறித்தும் மணிக்கணக்கில் காக்க வைத்தேன், மனிதாபிமானமே இல்லாதவன் என்று. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். ஒரு குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கி, அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரை அரித்துப் புண்ணாக்கிவிடும். அந்த மாதிரி அழைப்பு வந்தால் ஓபி அப்படியே நிற்கும், எந்த மருத்துவரும் ஓடுவார். ஆனால் அன்று என்ன அழைப்பு வந்தது என்று அந்தப் பதிவுக்குக் கீழே நான் எழுத முடியாது. எழுதினால் அந்த வேறொரு குடும்பத்தின் கதை வெளியே வரும். என் அறைக்குள் நடந்ததை நோயாளி யாரிடமும் சொல்லலாம், போனில் எடுத்துப் போடலாம். நான் வாயைத் திறக்கக் கூடாது. இது இருக்க வேண்டிய விதிதான், மீற மாட்டேன். ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரத்தை வைத்து என்னை எடைபோட்டு வேறு டாக்டரிடம் போனவர்களை நினைத்தால் வலிக்கிறது. அதிகாரம் எல்லாம் டாக்டர் கையில் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

நோயாளிகள் குறிப்பைப் படித்தால் வேலையே நடக்காது என்று நானும் பயந்தவன்தான். 2010இல் அமெரிக்காவில் மூன்று இடங்களில் 105 மருத்துவர்கள், தாங்கள் எழுதும் குறிப்பை நோயாளிகளுக்கு இணையத்தில் திறந்து காட்டிப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, விருப்பப்பட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்றபோது ஒருவர்கூட நிறுத்தவில்லை. நான் அந்த அளவுக்குப் போகவில்லை. 'மறுக்கிறார்' என்று எழுதுவதை விட்டேன். 'கேட்டேன், இல்லை என்றார்' என்று எழுதுகிறேன். சில சமயம், 'கேட்டேன், பதில் சொல்ல விரும்பவில்லை' என்றும். பிறகு படித்தால் எனக்கே அது கூடுதலாக உதவுகிறது.

பாடத்துக்கு ஏதாவது எடுத்துப்போக வேண்டுமென்றால், குணமான பிறகு, வேறொரு நாளில், எந்தக் கூட்டம், எத்தனை பேர், எதைக் காட்டப்போகிறேன் என்று சொல்லிக் கேட்கிறேன். முதலில் கேட்டவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அருமையான கேஸ் அது, விட்டுவிட்டேன். அடுத்தவர், என் பெயரோடே போடுங்கள் டாக்டர், நாலு பேர் பயப்படாமல் இருப்பார்கள் என்றார். இதை எந்த விதிப் புத்தகமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

நீங்கள் அந்த டாக்டரிடம் மறுபடி போங்கள். உங்கள் ஃபைலின் நகலைக் கேளுங்கள். உங்கள் கதை எங்கே, எந்த நாளில், யார் முன்னால் போனது, படமோ குரலோ இருந்ததா, இப்போது யாரிடமெல்லாம் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 'பேர் சொல்லலையே' என்று அவர் மறுபடி ஆரம்பித்தால், என்னிடம் அந்த டீச்சர் செய்தது மாதிரி, முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். முடித்த பிறகு மறுபடி அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் கெட்டவர் என்று முடிவு கட்டிவிட்டுப் போகாதீர்கள். என்னைப் போலவே அவரும் ஒரு வாரம் கோபப்படலாம்.

என் விஷயத்தில், அந்த ஒரு வாரம் கழித்து நான் டீச்சரைக் கூப்பிட்டு, செய்தது தவறு என்று சொன்னேன். அவர் முன்னாலேயே போனிலிருந்தும் கணினியிலிருந்தும் இரண்டு பதிவுகளையும் அழித்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அன்னிக்கு ஹால்ல யாராவது போன்ல எடுத்தாங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

எடுத்தார்கள். மேடையிலிருந்து பார்த்தேன், பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அப்போது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கூட்டம் நடத்தியவர்களிடம் சொல்லி, வந்தவர்கள் எல்லாருக்கும் அழித்துவிடும்படி செய்தி அனுப்ப வைத்தேன். பதில் போட்டவர்கள் ஒன்பது பேர்.